பெறுநர் கையொப்பம்

லீ பஜார் லாரி ஆபீசில்
பில் எழுதுவது நான்.
அனுப்புநர், பெறுநர், எடை, மதிப்பு, குறிப்பு.
ஐந்து கட்டம். பதினோரு வருடம்.

மாதம் இரண்டு லோடு ஜவ்வரிசி
கட்ச் பக்கம் பச்சாவுக்குப் போகும்,
அவர்கள் விரதத்துக்கு நம் மரவள்ளி.
திரும்பி வரும் ரசீதில்
ஜெயந்திலால் தக்கர் கையெழுத்து:
தலைக்கோடு இல்லாத எழுத்து,
நனைந்த கோழிக்குஞ்சு போல ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.
அவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

குடியரசு தினத்துக்கு மறுநாள்
எஸ்.டி.டி. போட்டுப் போட்டு
முதலாளி ரிசீவரை வைத்துவிட்டார்.
நான்காம் நாள் ஷெட்டில் ஜவ்வரிசி இல்லை,
குழந்தைத் துணி.

காது குத்துக்கு எடுத்த ஜரிகைப் பாவாடை.
பொத்தான் போன டவுசர்.
இடது கால் ஷூ ஒன்று மட்டும்.
தூக்கிப் போட மனம் வராமல்
என் மேசைக்கடியில் கிடந்தது.
குகையிலிருந்தும் அம்மாபேட்டையிலிருந்தும் வந்ததெல்லாம்
வெயிலுக்குத் தைத்த துணி.
அங்கே ராத்திரி பேசினால்
வாயிலிருந்து புகை வருகிறதாம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது.
விடுதிப் பிள்ளைகளின் ஸ்வெட்டர், நூற்றுப்பத்து.
காப்பிப் பழ வாசனை, அந்துருண்டை வாசனை.
காலருக்குள் சிவப்பு நூலில் ஆளுக்கோர் எண்,
சலவையில் மாறிவிடாமல் இருக்க.
"பிரிச்சிடலாமாக்கா?" என்றாள்
கூட மடித்துக்கொண்டிருந்த வெண்ணிலா.
நேரமில்லை என்றேன்.
நான்தான் சொன்னேன்.

மதிப்பு: சைபர் என்று எழுதினேன்.
சைபர் போட்டால் செக்போஸ்ட்டில் நிறுத்துவான்
என்றார் முதலாளி.
ஒரு ரூபாய் என்று திருத்தினேன்.
பெறுநர் கட்டத்தில் பழக்கத்தில்
'ஜெ' வரைக்கும் போன பேனா நின்றது.
அடித்துவிட்டு
குழந்தைகள் என்று எழுதினேன்.

செங்கோடன் ஓட்டிப் போனான்.
பதினாறாம் நாள் தாடியோடு திரும்பினான்.
டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.
ரசீதில் பட்டாள முத்திரை.
கடை என்னாச்சு என்று கேட்டேன்.
"எந்தக் கடைங்க? தெருவே இல்லீங்க."

அப்புறம் தானாகச் சொன்னான்.
"டெண்ட்ல ஒரு பையன். அஞ்சு வயசிருக்கும்.
வாயே திறக்க மாட்டேங்கறான்,
பேரு தெரியல, ஊரு தெரியல.
நம்ம ஸ்வெட்டரப் போட்டாங்க, முட்டி வரைக்கும் தொங்குது.
காலரத் திருப்பிப் பாத்து
நோட்டுல நாப்பத்தேழுன்னு எழுதிக்கிட்டாங்க.
கஞ்சிக்குக் கூப்பிடறதும் அப்படித்தான்,
சைந்தாலீஸ், சைந்தாலீஸ்னு.
இப்ப அவனும் திரும்பிப் பாக்கறானுங்க."

விடுதிக்குப் போன் செய்தேன்.
நாற்பத்தேழு டெரன்ஸ், ஆறாம் வகுப்பு.
இப்போது கிரவுண்டில் இருக்கிறான், கூப்பிடவா என்றார் வார்டன்.
வேண்டாம் என்றேன்.
பின்னால் விசில் சத்தம் கேட்டது,
கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம்
போனை வைக்காமல் இருந்தேன்.

அடுத்த லோடு பால் பவுடர், பாய்.
மதிப்பு, மறுபடி ஒரு ரூபாய்.
'நனையக் கூடாது' தவிர எதுவும்
எழுதியறியாத குறிப்புக் கட்டத்தை
முதல் அக்ரகாரத்து சேட்டுக் கடைக்குக் கொண்டுபோய்
அவர் எழுத்தில் எழுதி வாங்கினேன்:

நாற்பத்தேழு என்பது ஏற்காட்டுச் சலவை எண்.
அந்தப் பையனின் பெயர் அல்ல.
தினமும் ஒருமுறை
அவன் பெயரைக் கேளுங்கள்.

கட்டம் போதவில்லை.
கடைசி வரி வளைந்து மேலேறி
அந்த ஒரு ரூபாயின் மேல் எழுதியிருந்தது.