ஆறட்டும்

குத்தாய்சியில் விடிகாலை நாலு மணிக்கு
நுக்சார் தலைகீழாகிறான்.
தோனே எங்கள் மண்ணடுப்பு,
ஆள் இறங்கும் ஆழம்.
மாவை வாள்போல் நீட்டி இழுத்து
இடுப்புவரை உள்ளே பாய்ந்து
சுவரில் அறைந்துவிட்டு
புருவம் பொசுங்குமுன் வெளியே வரவேண்டும்.
நாளைக்கு நானூறு தடவை.
இருபத்தாறு வருடம்.
வலது தோளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நான் ஜன்னலில் காசு வாங்குகிறவள்.
பெண்டாட்டியும் நான்தான்.

களிம்பு வந்தது அக்டோபரில்,
ரியோனி கலங்கி ஓடிய வாரம்.
மருந்துக்கடை சியாலா சொன்னதற்கெல்லாம்
தலையாட்டினான்.
கழுத்தும் வலிக்கிறதா என்று
ஆட்டிப் பார்த்தானாம். பிறகு சொன்னான்.

"கொஞ்சத்துக்கே கேட்கும் என்றால்
நிறையப் போட்டால் நிறையக் கேட்காதா?"
வெண்ணெய்போல் அப்பினான்.
மேலே துணியை இறுக்கிச் சுற்றினான்.
அப்படியே குனிந்தான் தோனேக்குள்.

உள்ளிருந்து ஒரு சூடு
வெளியிலிருந்து ஒரு சூடு
நடுவே அரை விரற்கடைகூட இல்லாத மனிதத் தோல்.
ஏழாவது ரொட்டியில் அலறினான்.
கட்டைப் பிரித்தால்
துணியின் நெசவு முழுக்க
தோளில் சிவப்பாய் அச்சாகியிருந்தது.

முதல் ஆறு ரொட்டியில் ஒன்றை வாங்கிப்போன
பாட்டு வாத்திச்சி மக்வாலா
கடித்த பாதியோடு ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள்:
"லமாரா, ரொட்டியில் என்ன பல்பசை வாசனை?"

கை கழுவாமல் பிசைந்திருக்கிறான்.
அன்றைய மாவைக் குழி தோண்டிக் கொட்டினோம்.
பன்றிக்குக்கூட வைக்கவில்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
டப்பாவில் மடங்கிக் கிடந்த தாளைப் பிரித்தேன்.
எங்கள் எழுத்தே கொடிச் சுருள்,
அதையும் எறும்பின் தங்கை அளவில் அச்சடித்திருந்தார்கள்.
"பூசிய இடத்தில் வெப்பம் படக்கூடாது."
ரொட்டி சுடுகிறவன் வீட்டுக்கு
யாரோ அளவெடுத்து எழுதின மாதிரி.

எட்டு நாள் ஒன்றுமே பூசவில்லை.
தம்பி ரெவாஸ் தோனேக்குள் குனிந்தான்.
பாதி ரொட்டி சாம்பலில் விழுந்தது.

சியாலாவிடம் மறுபடி போனோம்.
"வேறு மாத்திரை ஏதாவது?"
இதயத்துக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க,
சின்னது, வெள்ளை,
சொல்லத் தோன்றவே இல்லை என்றான்.
அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.
டாக்டருக்குப் போன் போட்டாள்.
பழைய டியூபை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தாள்.

இப்போதெல்லாம் அடுப்பு ஆறியபின்,
குளித்த சூடும் உடம்பில் ஆறியபின்,
ஒரு செர்ரிப் பழம் அளவு.
தாளில் போட்டிருப்பது அதுதான்,
வலி எவ்வளவு கெஞ்சினாலும் அதுதான்.
பூசுவது நான்.
சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுகிறேன்.
ஒருநாள் மறந்து கண்ணைக் கசக்கிவிட்டேன்.
மாமியார் சாவுக்கு வராத கண்ணீர்
அன்று ஒரு மணி நேரம் வந்தது.

நேற்று என் மணிக்கட்டு.
சில்லறை எண்ணியே தேய்ந்த மணிக்கட்டு.
எனக்கும் கொஞ்சம் என்று நீட்டினேன்.
விளக்கடியில் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
மாவில் பதம் பார்க்கிற முகத்தோடு.
கட்டைவிரல் அடியில்
அரிசி நீளத்துக்கு ஒரு தீக்காயம்.
காலையில் தகரத் தட்டு பட்டது,
நானே மறந்திருந்தேன்.
திறந்த மூடியைத் திருகி மூடினான்.
"முதலில் இது ஆறட்டும்."

வலி போகவில்லை.
இருந்தாலும் அந்தக் கையை
உடனே இழுத்துக்கொள்ளவும் இல்லை.

சட்டை போடாமல் தோளைக் காயவிட்டு
உட்கார்ந்திருந்தான்.
ஒரு சாண் தள்ளி நான்.
பூனை வந்து அவன் தோளை முகர்ந்து
நாக்கை நீட்டியது.
இருவரும் ஒரே குரலில் விரட்டினோம்.