மேல் இடது நான்கு

அழைப்பிதழ் எனக்கு வரவில்லை.
வராவிட்டால் என்ன,
அவர் வாயை முப்பது வருடம் பார்த்தவள் நான்.

ஸோலோலாக்கியில், மூன்றாம் மாடியில், என் சாய்நாற்காலியில்
எல்குஜா மகராஷ்விலி ஒருநாளும் பணம் தந்ததில்லை.
படம் தருவார்.
சொத்தை அடைத்ததற்கு ஒரு மாதுளை.
வேர் சிகிச்சைக்கு ஆற்றங்கரையும் இரண்டு குதிரைகளும்;
மூன்றாவது குதிரை அடுத்த முறை, என்றார்.
வந்தார், வரைந்தார்,
காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி,
மாட்டிய படத்திலேயே.

இன்று எல்லாம் இங்கே.
பால்நிறச் சுவர், கண்மட்டம், ஒற்றை விளக்கு,
கீழே அட்டையில் ‘தனியார் சேகரிப்பு’.
தனியார் என்றால் நான்தான், நஸிப்ரோலா.
என் காத்திருப்பு அறையில் இப்போது ஏழு வெளுத்த சதுரங்கள்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்
அவற்றையும் உற்றுப் பார்க்கிறார்கள்.

காட்சியை அமைத்த தோர்னிகே
பிளாஸ்டிக் கோப்பையில் ஒயினோடு
நீலக் காலம் என்று தொடங்குகிறான்.
தொண்ணூற்று மூன்றின் குளிரில்
ஊரில் வேறு சாயம் விற்கவில்லை, தம்பி.
மின்சாரமும் இல்லை.
காலால் மிதித்துத் துளைக்கும் பழைய கருவியைப்
பரணிலிருந்து இறக்கினேன்.
மெழுகுவர்த்தியை அவரே பிடித்துக்கொண்டார்,
தன் வாய்க்குத் தானே வெளிச்சம்.
மரப்பு ஊசி தீர்ந்துபோயிருந்தது.
பல்லைக் கடித்துக்கொள் என்று
சொல்ல முடியாத தொழில் என்னுடையது.
நடுவில் மெழுகு என் மணிக்கட்டில் சொட்ட
இருவரும் ஒன்றாய்க் கத்தினோம்.
கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் குழாயைத் தட்டினார்.

கடைசியாக வந்தது ஒரு பிப்ரவரியில்.
மேல் தாடை, இடது பக்கம், நான்காம் பல்.
எக்ஸ்ரே படலத்தை ஜன்னலில் உயர்த்திப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
நான் வைத்துக்கொள்ளட்டுமா, என்றார்.
பிடுங்கினேன். பஞ்சை அடைத்த வாயோடு
படத்துக்குத் தவணை சொன்னார்.
ஏப்ரலில் போய்விட்டார்.
பல் போனால் சொல் போச்சு என்பது சரிதான்,
கொடுத்த சொல்லும் சேர்ந்து போய்விட்டதென்று
மூன்று வருடமாய் நினைத்திருந்தேன்.

கடைசி அறை.
ஒரே படம், இரண்டு கை அகலம்கூட இல்லை.
‘தலைப்பற்றது. பனியில் இரட்டைக் கோபுரம்.’
வலதுபக்கக் கோபுரத்தின் சாய்வு
களைத்துப்போன விசுவாசம் என்கிறான் தோர்னிகே.
ஒரு பெண் சிலுவையிட்டுக்கொள்கிறாள்.
நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நெருங்குகிறேன்,
காவலாளி இருமும் வரை.

கோபுரமா?
நுனியில் கொக்கிபோல் ஒரு வளைவு.
அந்த வளைவுதான் அன்று என்னை
முக்கால் மணி நேரம் வியர்க்க வைத்தது.
அடியில் இருப்பது பனியல்ல, தேய்ந்த எனாமல்.
படலத்தில் தெரிகிற மாதிரியே
வேர்கள் மேலே, பல் கீழே,
சுற்றிலும் அவர் தாடையின் சாம்பல்.

பக்கத்தில் அவர் மகள் லமாரா,
சுர்ச்கேலாவைக் கடித்தபடி.
யாருக்கு வரைந்தாரென்று அப்பா சொல்லவே இல்லை,
உங்களுக்கு ஏதாவது தெரியுமா, என்று சிரித்தாள்.
சிரிப்பில், மேல் இடது நான்கில்,
மெல்லிய ஒரு நிழல்.

திங்கட்கிழமை வா, என்றேன்.