ஐம்பது பாஸ்கல்

கொய்யாய்க்கேயில் ஜூன் மாதம்
எட்டு மணிக்கும் இருட்டுதான்.
ஊரிலுள்ள அத்தனை அடுப்பின் விறகுப்புகையும்
பள்ளத்தாக்கை விட்டு எழ மனமில்லாமல்
படுத்துக் கிடக்கும்.

என் தொழில் வாசலை அடைப்பது.
சிவப்புத் துணியை நிலைச்சட்டத்தில் இழுத்துக் கட்டி
நடுவில் ஒரு விசிறியைச் சொருகுவேன்.
அது வீட்டின் காற்றை வெளியே இறைக்கும்.
வீடு திணறி மூச்சை உள்ளே இழுக்கும்,
எந்தெந்தப் பொத்தல் வழியாக என்பது
கட்டியவருக்கே தெரியாத சங்கதி.

விதிக்கு ஒரே ஒரு எண் போதும்.
ஐம்பது பாஸ்கல் அழுத்தத்தில்
மணிக்கு ஐந்து முறைக்கு மேல்
காற்று மாறக்கூடாது.

அடுப்பை முந்தின இரவே அணைக்கச் சொல்லியிருந்தேன்.
அணைத்திருந்தார்கள்.
சாம்பல் அள்ள மறந்திருந்தார்கள்.
விசிறி சுழன்றதும் புகைபோக்கி வழியே காற்று இறங்கி
சாம்பலைக் கிளப்பிக்கொண்டு போய்
எர்சீலியாவின் புதுத் திரைச்சீலையில் உட்காரவைத்தது.
"பரவாயில்லை" என்றாள்,
திரைச்சீலையைப் பார்த்தபடி.

ஏழு புள்ளி நான்கு.

"கருவியில் ஏதோ கோளாறு" என்றான் நோல்பெர்த்தோ.
அவள் தங்கையின் கணவன்.
போன கோடையில் இந்தச் சுவர்களைப் பிரித்துப்
பஞ்சு அடைத்து மூடியவன்.
நான் பதில் சொல்லவில்லை.
புகைக்குச்சியைக் கொளுத்திச் சுவரோரமாக நடந்தேன்.
ஜன்னல், மின்சுவிட்ச், குழாய் நுழையும் இடம்,
எல்லாம் ஒழுங்கு. புகை நேராக நின்றது.
சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில்
சட்டென்று முறிந்து என் முகத்தில் அடித்தது.

வெப்பக் கேமராவைத் திருப்பினேன்.
சுவர் முழுக்க ஆரஞ்சு.
இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே
தரையிலிருந்து கூரை வரை
ஓர் ஆள் அகலத்துக்கு நீலம்.

மூவரும் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"பஞ்சு தீர்ந்துவிட்டது," என்றான் கடைசியில்.
"அடுத்த லாரிக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.
இவள்தான் பலகையை அடி, அடி என்று…"
"நானா?" என்றாள் எர்சீலியா.

வண்டி வரைக்கும் பின்னாலேயே வந்தான்.
"ஐந்து என்று எழுதிவிடேன்.
மானியத்தின் கடைசித் தவணை வந்தால்தான்
பையன்களுக்குக் கூலி."
பொய் சொல்லவில்லை. அந்தப் பையன்களை எனக்குத் தெரியும்.
ஒருவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது.

எண்ணுக்கு இரக்கம் கிடையாது.
எழுதுகிற கைக்கு இருக்கிறது, அதுதான் தொல்லை.
ஏழு புள்ளி நான்கு என்றே எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்
'சமையலறைச் சுவர், ஒரு கண்ணறை மட்டும்' என்றும்,
மறுசோதனை வியாழன், கட்டணமில்லை என்றும்.
கட்டணமில்லை என்பது விதியில் இல்லாத வரி.

வியாழக்கிழமை பலகையைப் பெயர்த்தபோது
அந்த வெற்று இடத்துக்குள்
சாய்ந்து நின்றிருந்தது நோல்பெர்த்தோவின் ரசமட்டம்.
பிப்ரவரியிலிருந்து தேடுகிறானாம்.
மச்சினனே திருடிவிட்டதாகச் சொல்லி
ஒரு கிறிஸ்டெனிங் விருந்துக்கே போகவில்லையாம்.
எடுத்துத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான்.
குமிழி நடுவுக்கு வந்து நின்றது.
எர்சீலியா அவ்வளவு நேரமாக அடக்கிய சிரிப்பு
அப்போதுதான் வெடித்தது.

நான்கு புள்ளி எட்டு.

அடுப்பை மூட்டினாள். ஒரே ஒரு விறகு.
இன்னொன்றைக் கையில் எடுத்தவள்
கொஞ்சம் யோசித்து
அடுக்கிலேயே திரும்ப வைத்தாள்.

இரவு பத்துக்கு என் அறைக்கு வந்தேன்.
வாடகை வீடு. உரிமையாளர் சாந்தியாகோவில்.
பழைய துண்டைச் சுருட்டிக் கதவடியில் வைத்தேன்.
ஜன்னலில் போன வருஷத்து ஒட்டுநாடா
காற்றுக்குப் படபடக்கிறது.
மேஜையில் மெழுகுவர்த்திச் சுடர்
வடக்கே சாய்ந்தே எரிகிறது.

விசிறி வண்டியின் பின்னால்தான் கிடக்கிறது.
பொருத்த இருபது நிமிஷம் போதும்.
கோட்டைக் கழற்றாமலே
கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.