முகம், சோடி ஒன்று

சீனன்குடா ஸ்டோரில்
மஹ்ரூப் பேனையை நிறுத்திக் கேட்டார்:
"முகம், சோடி ஒன்று.
இதென்ன சாமான், பொம்மைக்கா?"

மூன்றாம் நம்பர் பம்பின் சீலுக்கு, என்றேன்.
ஒன்று கார்பன். மற்றது அதைவிடக் கடினம்.
ஒன்று தண்டோடு சுழலும்,
மற்றது உறைக்குள் அசையாமல் கிடக்கும்.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற தளத்துக்குத்தான்
முகம் என்று பேர்.

"ஒட்டிக்கொண்டா சுத்தும்?"

ஒட்டினால் எரிந்துபோகும்.
நடுவில் டீசல் ஒரு படலமாய் ஓடவேண்டும்,
தலைமயிரை நூறாய்க் கிழித்தால் வரும் கனத்தில்.
வெள்ளிக்கிழமை இரவு அது வற்றிவிட்டது.
வெருகல் பஸ்ஸின் பிரேக் மாதிரி
பம்ப் கத்தியது,
காவலாளி செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

மஹ்ரூப் பெட்டியைத் திறந்தார்.
காற்று விழுந்த காலையில் கொட்டியாரக்குடா எப்படியோ
அப்படி ஒரு கறுப்பு.
தொடாதேயுங்கோ என்பதற்குள்
பெருவிரல் பதிந்துவிட்டது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை,
பிளேன்ரீ மட்டும் வந்தது.

பூட்டி, ஓடவிட்டு, பாரம் நிரப்பினேன்.
கசிவு என்ற கட்டத்தில் 'சிறிது' என்று எழுத,
ஜயசுந்தர சேர் வெட்டி 'இல்லை' என்றார்.
மேலிடத்துக்கு அப்படித்தான் போகவேண்டுமாம்.

விடியப்புறம் கையை வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடு.
அடித்தட்டில் ஒரு துளி,
விழலாமா என்று யோசித்தபடி.

பேரேட்டில் மஹ்ரூப்
முகத்தைக் கண்ணாடிச் சாமான்களோடு சேர்த்திருந்தார்.
நான் திருத்தச் சொல்லவில்லை.