சொல்லிட்டு அத்துப்போவாது

வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில்
வண்டிக்கு அடியில் பச்சையாய்த் தண்ணி.
ஒரு கரண்டி இருக்கும்.
தொட்டு மோந்தேன், இனிப்பு வாடை.

உள்ளே நாலு மணி நேரமாக
ஜெபமணி டீச்சரின் ரத்தம் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.
அடுத்த கட்டிலில் உவரி சிலுவைப்பிச்சை.
அந்த மெஷினுக்கு ஒரு குறை என்றால் கூப்பாடு போடும்,
நர்ஸ் ஓடி வருவாள்.
செவ்வாயும் வெள்ளியும் இவர்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு.

ஊற்ற ஊற்றத் தண்ணி குடித்தபடி
எப்படியோ அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

சனிக்கிழமை மேலப்பாளையம்.
மைதீன் பிச்சை தரையில் படுத்தபடியே சொன்னான்:
"வாட்டர் பம்புக்கா. பெல்ட்டுக்குப் பின்னால கெடக்கு.
டைமிங் பெல்ட்ட அவுக்காம அதத் தொட முடியாது.
அவுக்கதும் அவுக்கோம், புதுசாவே போட்ருவமா?"

வேண்டாம் என்றேன்.
ரெண்டு வருசம் முந்தி மாற்றியதுதானே.
கொம்பையா ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிற வாரம்
எட்டாயிரத்து ஐந்நூறு எண்ணிக் கொடுத்தேன்.
சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி
"இனி ஒரு லட்சம் ஓடும், கவலப்படாத" என்றார்.
கழுவிக்கூட வைத்திருந்தார்.

பிச்சை மூடியைக் கழற்றினான்.
உள்ளே தேரி மணல், மிளகாய்ப்பொடி போல.
பழைய பனியனால் பெல்ட்டின் முதுகைத் துடைத்தான்.
வெள்ளை எழுத்து தெரிந்தது,
கம்பெனி பேர், மாசம், வருசம்.
வண்டி பிறந்த வருசம்.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
"பழசயே மாட்டிட்டுப் புதுசுன்னு
எவனாவது ஏமாத்திருப்பாம்க்கா."
நல்ல மனசு அவனுக்கு.

பிறகு பெல்ட்டை உள்பக்கமாக வளைத்துக் காட்டினான்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வெடிப்பு,
சித்திரையில் நாங்குநேரிக் குளம் கிடப்பதுபோல.

"டயர் தேஞ்சாக் கண்ணுக்குத் தெரியும்.
பிரேக்குன்னாக் கத்தும்.
செயின் இருந்தாக்கூடக் கறகறங்கும்.
இது சொல்லிட்டு அத்துப்போவாது.
நல்லா ஓடும், நல்லா ஓடும்,
டோல்கேட் தாண்டி நூறுல போவும்போது ஒரு சொடக்கு.
மேல இருந்து வால்வு, கீழ இருந்து பிஸ்டன்,
ரெண்டும் முட்டிக்கிடும்.
பொறவு இஞ்சினயே எறக்கணும்."

நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
வாரம் ரெண்டு நடை, நூற்றிநாலு வாரம்.
இட்டமொழி, நாங்குநேரி, மூன்றடைப்பு.
கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் டீச்சர்.
அதே வாரம்தான் விசா ஏஜெண்டுக்குக் கடைசித் தவணை.
களக்காட்டுக் கூட்டாளி கொடுத்தான் என்றார் அப்போது.
எந்தக் கூட்டாளி என்று நான் கேட்டதில்லை.

சாமான் மதுரையிலிருந்து ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் வரும்.
திங்கள் சாயங்காலம் வண்டி தருவேன் என்றான்.
ஞாயிறு பகல் ஷார்ஜாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
டைமிங் பெல்ட், டென்ஷனர், பம்ப், கூலி.
பன்னிரண்டாயிரத்து நானூறு.
வழக்கமாக நூறு ரூபாய்க்கு நாலு கேள்வி கேட்கிற மனுசன்.
பத்து நிமிசத்தில் பணம் ஏறியிருந்தது.
வேறு ஒரு வார்த்தை இல்லை.

திங்கள்கிழமை பிச்சை சாவியைத் தொடவில்லை.
ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே
ரெண்டு சுற்று சுற்றினான்.
மேலே உள்ள புள்ளியும் கீழே உள்ள கோடும்
இருக்கவேண்டிய இடத்தில் வந்து நின்றன.
"இனி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றான்.
தேதியும் கிலோமீட்டரும் எழுதி மூடியில் ஒட்டப் போனவனிடம்
பேனாவை வாங்கி நானே எழுதினேன்.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எழுபது.
அதற்குக் கீழே என் பேர், பேராட்சி.

செவ்வாய் விடியக்காலம்,
இருட்டு விலகாத மூன்றடைப்பு.
பின் சீட்டிலிருந்து சிலுவைப்பிச்சை கேட்டார்:
"ஏ பிள்ள, வண்டி சரியாயிட்டுன்னு சொன்ன,
பொறவு ஏன் இவ்ளோ பைய போற?"