குடிலின் பதிவேடு

இனாரியிலிருந்து எட்டு மணி நேரம், பனிச்சறுக்குப் பலகையில்.
குடிலின் கதவு உறைந்து இறுகிக் கிடந்தது.
நீ இடிப்பதுபோல் இடுப்பால் ஒரு இடி. திறந்தது, ஏரோ.

பதிவேட்டில் போன மார்ச் அப்படியே இருக்கிறது,
உன் கோழிக்கிறுக்கலில்:
"இரண்டு பேர். ஹெல்கா விட்ட குறட்டையில்
கரடிகள் நார்வேக்கு ஓடிவிட்டன."
பொய்யடா.
குறட்டை விட்டது நீ.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
விறகெல்லாம் ஈரம்.
மூன்று தீக்குச்சிகள் வீணான பிறகுதான்
ஞாபகம் வந்து கட்டிலடியில் கைவிட்டேன்.
பழைய சாக்ஸுக்குள் நீ ஒளித்த
பிர்ச் மரப்பட்டைச் சுருள்கள்.
அடுத்த வருஷத்துக்கு என்றாய்.

அம்மா உன் டூத்பிரஷை இன்னும் எடுக்கவில்லை.
அப்பா ஏரியைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்.
நானும் இதை வைத்துக்கொள்ளலாம்தான்.
விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன.

எரித்தேன்.
ஒன்று விடாமல்.
சடசடவென்று பிடித்த வேகத்தில்
நீ துடைக்காமல் விட்ட புகைக்குழாய் இருமியது.
கண் ஏன் சிவந்ததென்று கேட்க ஆளில்லை.
சாக்ஸை மட்டும் மாட்டிக்கொண்டேன்,
ஒற்றைக் காலில்.

காலையில், விழுந்து கிடந்த மரத்தில்
உன் இடதுகைக் கத்தியால் பட்டை உரித்தேன்.
சுருளாக வரவில்லை. கிழிந்து கிழிந்து வந்தது.
வந்தவரை கட்டிலடியில் திணித்தேன்,
யாருக்கென்று யோசிக்காமல்.

பேனாவில் மை உறைந்திருந்தது.
ஊதி ஊதி இளக்கி
'எத்தனை பேர்' கட்டத்தில் எழுதினேன்:
ஒருத்தி.

அதன் கீழே:
இரவு முழுக்கக் குறட்டைச் சத்தமே இல்லை.