அரைக் காசு

குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
"கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கியது.
ஐவர் வருகை. ஒருவர் விடுப்பு."
அந்த ஒருவர் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்,
மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று
டிராக்டர் இரைச்சலுக்கு மேல் போனில் கத்தினார்.
அதை எழுதவில்லை.

பெல்நாப்புக்கு ஆம்புலன்ஸ் கிடையாது.
பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும்.
நாற்பத்தொரு நிமிடம்,
சரக்கு ரயில் குறுக்கே நின்றால் அதற்கும் மேல்.
டாலருக்கு அரைக் காசு வரி போட்டால்
சொந்தமாக ஒன்று வாங்கலாம்.
ஏப்ரலில் ஊரைக் கேட்டோம்.
ஆம், நானூற்றுப் பன்னிரண்டு.
இல்லை, நானூற்று ஒன்று.
மூன்று முறை எண்ணினேன்.
மூன்றாவது முறை எண்கள் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனால் மன்றம் கை தூக்கினால்தான் வரி.
இல்லாவிட்டால் எண்ணூற்றுப் பதின்மூன்று பேர்
ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றார்கள்,
அவ்வளவுதான்.

ட்ரீனா ஷூப் டயப்பர் கட்டோடு வந்து
மைக் முன்னால் பொத்தென்று வைத்தாள்.
"இருபத்தேழு டாலர்.
பாலம் தாண்டினால் நெப்ராஸ்காவில் வரி குறைவு.
தாண்ட என்னிடம் பெட்ரோல் இல்லை.
வண்டி இருக்கிறவன் தாண்டுவான்,
நான் கட்டுவேன்.
அரைக் காசு பெறாத விஷயமென்று யாரும்
என்னிடம் சொல்லாதீர்கள்."
மூன்று நிமிடம் ஆனதும் மணி அடித்தேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஹாலிஸ் ஃபென்டர்சன் எழுந்தார்.
தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார்,
இன்னொரு சுற்று,
உட்கார்ந்துவிட்டார்.
நாற்பத்தொரு நிமிடம் என்றேனே,
அது அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம்
காட்டிய கணக்கு.

வீடு வீடாகக் கதவு தட்டி
வரிக்கு ஆதரவு கேட்ட லூஆன் க்ரெப்ஸ்
இப்போது பேனா மூடியைக் கடித்தாள்.
"பதினொரு வாக்கு.
இதை ஊரின் விருப்பம் என்று சொல்ல
எனக்கு நாக்குக் கூசுகிறது.
அடுத்த வருடம் பார்ப்போமே."

டுவேன் பிட்மனுக்கு ஹார்டுவேர் கடை,
பாலத்திலிருந்து அரை மைல்.
'வரி வேண்டாம்' பலகை மூன்று நட்டவர்.
ஒன்று இன்னும் சாய்ந்து நிற்கிறது
அவர் வாசல் புல்லில்.
"என் வயிற்றில் அடிக்கிற வரி இது," என்றார்.
"எதிர்த்தேன். தோற்றேன்.
ஒரு புள்ளியில் தோற்ற பள்ளிக்கூடப் பையன்களை
மறுநாள் திரும்ப ஆடவா சொல்கிறோம்?
கையைத் தூக்குங்கள்,
வீட்டுக்குப் போகலாம்."

"தீர்மானம் மூன்றுக்கு இரண்டு.
நிறைவேறியது."
எந்தக் கை முதலில் எழுந்தது என்பதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி
அவர் கடையில் சுவருக்கு ஒரு கொக்கி வாங்கினேன்.
தொண்ணூற்றெட்டுக் காசு.
வரி எட்டு.
நேற்று வாங்கியிருந்தாலும் எட்டுதான்,
புது வரி பின்னத்துக்குள் எங்கோ விழுந்துவிட்டது.
டுவேன் ரசீதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
முகம் சுளித்தார்.

"இன்னொன்று எடு.
இரண்டாக வாங்கினால்
ஒரு காசு கூடும்."

மாட்ட என்னிடம் ஒரே ஒரு கோட்டுதான் இருந்தது.
எடுத்தேன்.